கடலோரத்தில் ஒரு பேரம்

கடலைப் பார்த்து நிறுத்திய கேரவன் வண்டியின் கூரையில் மழை விடாமல் கொட்டுகிறது. ஜன்னலில் படியும் ஆவியை ஜவுளிக்கடைக்காரரின் மனைவி துண்டால் துடைக்கிறாள். சாம்பல் நிறக் கடல் கொஞ்சம் தெரிந்து மறுபடி மங்குகிறது. அவருக்கு வீட்டுக்குத் திரும்ப வேண்டும். ஆனால் முதலில் வாய் திறப்பவன்தான் இறங்கி வர வேண்டியிருக்கும் என்பது கல்லாவில் உட்கார்ந்து அவர் கற்ற பாடம். அதனால், விலை படியாத வாடிக்கையாளர் எழுந்து போவதாகப் பாவனை காட்டுவாரே, அதைப் போல எஞ்சினை மட்டும் ஓடவிட்டுக் காத்திருக்கிறார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இந்த ஈரம் உன் முட்டிக்கு ஆகாதேம்மா" என்று மெல்ல நூல் விடுகிறார். "என் முட்டி தலையில ஏன் பழியைப் போடறீங்க? போகணும்னா உங்க வாயால சொல்லுங்க" என்கிறாள். "கொட்டற மழைல பாக்கறதுக்கு இங்க என்னதான் இருக்கு?" "நீங்க இருக்கீங்களே. கல்யாணமானதுலேருந்து பாதிச் சோத்துல எழுந்து கடைக்கு ஓடின மனுஷன். இந்த மழைல எவன் வந்து உங்களைக் கூப்பிடுவான்?" அவர் சாவியைத் திருப்புகிறார். எஞ்சின் அடங்கியதும் மழை இன்னும் பெரிதாகக் கேட்கிறது. அவள் ஜன்னலோரத்தில் நகர்ந்து அவருக்கு இடம் விடுகிறாள்.