கை காட்டினால் நிற்காது

"வெறுங்கையத் தூக்காதன்னு எத்தினி வாட்டி சொல்றது? கொடி இன்னாத்துக்குக் கீழ கெடக்குது?"

ரம்யா போட்ட சத்தத்தில் நவீன்குமார் மிரண்டு போனான். ஜவ்வாது மலையில் ரோடு போடும் இடங்களில் வண்டிகளை நிறுத்தி அனுப்பும் வேலைக்குப் பயிற்சி பெற வந்தவன் அவன். பயிற்சியாளராகத் தேர்வாவதற்காக மாதிரி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள் ரம்யா.

பின்னால் உட்கார்ந்து மார்க் போட்டுக்கொண்டிருந்த அதிகாரி அருள்மணி குறுக்கிட்டார். "ஏம்மா, கையக் காட்டினா வண்டி நிக்காதா? அதுக்குப் போய் இவ்ளோ கோவமா?"

"நிக்காது சார். மலையில கையத் தூக்குனா லிஃப்ட் கேக்குறாங்கன்னு அர்த்தம். எடமில்லன்னா டிரைவர் பாட்டுக்குப் போய்ட்டே இருப்பாரு. போன வருசம் ஒருத்தரு இப்படித்தான் வெறுங்கையக் காட்டினாரு. லாரி நிக்கல. வளைவு தாண்டி ஜல்லி கொட்டிக்கினு இருந்த சக்கரவர்த்தின்றவரு மேல ஏறிடுச்சு. ஒரு கொடி குடுத்திருந்தா அந்த உசுரு போயிருக்குமா சார்?"

"செத்தவரோட பொண்ணாட்டம் இருக்குது" என்று யாரோ முணுமுணுத்தது கேட்டது.

அருள்மணி குரலைத் தணித்தார். "அவரு உனக்கு என்ன உறவும்மா?"

"ஒறவெல்லாம் இல்ல சார். அவரு மூஞ்சியக்கூட நான் பாத்ததில்ல."

"அப்புறம், டிரைவர் லிஃப்டுன்னுதான் நெனச்சாருன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ஜெயில்ல மனு போட்டுப் பாக்கப் போறப்பல்லாம் எங்க வூட்டுக்காரரு அதச் சொல்லித்தான் அழுவுறாரு."

ரம்யா கீழே கிடந்த சிவப்புக் கொடியை எடுத்து நவீன்குமார் கையில் திணித்தாள்.

"கெட்டியாப் புடி!"