பார்வதியம்மாளின் முட்டுவலி

வடசேரி பஸ் ஸ்டாண்டில் திருவனந்தபுரம் பஸ்ஸின் படியில் கால் வைத்ததும் "யம்மா" என்று முனகினாள் பார்வதியம்மாள். ஒரு கையில் எக்ஸ்ரே கவர். மறு கை முழங்கால் முட்டைப் பிடித்திருந்தது.

"பாத்து ஏறுட்டி" என்று பின்னாலிருந்து தாங்கினார் அவள் புருஷன் சுடலையாண்டி. மாதாமாதம் தனியாகவே மெடிக்கல் காலேஜுக்குப் போய்வந்தவளுக்கு இன்றுதான் முதல்முறையாகத் துணைக்கு வருகிறார்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது.

"உங்களுக்கு என்னத்துக்கு இந்த அலச்சல்? வயல்ல அறுப்பு கெடக்கு."

"அறுப்பு அடுத்த வாரம்லா. அந்த டாக்டர்கிட்ட நானே ரெண்டு வார்த்த கேக்கணும். இத்தன நாளா பாக்கான், வலி கொறையலன்னா அது என்ன வைத்தியம்?"

வலி மாசியிலேயே போய்விட்டது. இனி வர வேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பிய அன்று, பஸ்ஸில் வரும் வழியில் மியூசியம் வாசலைக் கண்டு சும்மா இறங்கினாள். உள்ளே ஒரு படத்தில் யாரோ ஒருத்தி கூந்தலைக் கோதிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை விட்டு வர மனமில்லாமல் காவலாளி வந்து சொல்லும்வரை நின்றாள்.

அதிலிருந்து முட்டுவலி நிற்கவேயில்லை. ஒரு மாதம் மிருகசாலையில் நீர்யானை கொட்டாவி விடுவதைப் பார்த்தாள். ஒரு மாதம் கோட்டைப் பக்கம் இலையில் போளியைப் பிய்த்துப் போட்டு, மேலே பால்பாயசம் விட்டுத் தின்றாள். கதகளி பார்த்துவிட்டுக் கடைசி பஸ்ஸில் வீடு வந்த அன்று, "ஸ்கேன் எடுக்க ஒரே கூட்டம்" என்றாள்.

வீட்டில் சொல்லியிருக்கலாம்தான். கல்யாணமான புதிதில் திருவனந்தபுரம் பார்க்க வேண்டும் என்று ஒரு தடவை கேட்டாள். "புகையும் கூட்டமும் பாக்கவா அவ்வளவு தூரம் போவணும்? நம்ம ஊர்ல இல்லாதது அங்க என்ன இருக்கு?" என்றார் சுடலையாண்டி. பிறகு அவள் கேட்கவில்லை. மாதத்தில் ஒருநாள் கால்வாய்த் தண்ணீர் விஷயமாகப் பேச்சிப்பாறைக்குப் போய் இருட்டின பிறகு திரும்புவதைத் தவிர, அவருக்கும் வேறு ஊர் கிடையாது.

மார்த்தாண்டம் வந்ததும் கடைசி முயற்சியாகக் கேட்டாள். "இப்போ வலி ஒண்ணும் தெரியல. இங்கேயே எறங்கித் திரும்பிருவோமா?"

"டிக்கெட் எடுத்தாச்சு. பேசாம இரு."

தம்பானூரில் இறங்கியதும், "ஆஸ்பத்திரி பஸ் அந்தப் பக்கம் நிக்கும். இன்னா, பொறப்படப் போறான், வா வா" என்று அவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு விரைந்தார். பார்வதியம்மாளும் பின்னாலேயே ஓடினாள். ஓடிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்குப் பாதி வழியில்தான் உறைத்தது.

சுடலையாண்டி திரும்பிப் பார்த்தார். பஸ் போய்விட்டது.

"ஏட்டி... முட்டு?"

அதற்கு மேல் மறைக்க வழியில்லை. மாசியில் தொடங்கி, போளி, பாயசம், கதகளி என்று எல்லாவற்றையும் அங்கேயே நின்று ஒப்பித்துவிட்டாள்.

"எம் மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்ல உனக்கு எப்பிடிட்டி மனசு வந்துது?" என்று அவர் போட்ட சத்தத்தில் பூக்காரி திரும்பிப் பார்த்தாள். "நான் சேத்துலயும் செளியிலயும் கெடக்கேன். நீ இங்க நீர்யானைக்க வாயப் பாத்துட்டு நிக்க! புருஷன்கிட்ட ஒளிச்சு ஒருத்தி ஊர் சுத்துவாளா?"

அவளுக்குக் கண் கலங்கியது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"ஏசுங்க. ஒருக்கா வந்து பாத்துட்டு ஏசுங்க. அந்தப் படத்துக்கு முன்னால நிக்கும்போதெல்லாம், இன்னா பாருங்கன்னு சொல்லப் பக்கத்துல ஆளில்லாமப் போச்சேன்னுதான் நெனச்சேன்."

சுடலையாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு அவசரமாக, "படமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஊருக்குப் போவோம்" என்றார்.

பார்வதியம்மாள் அவர் கையைப் பிடித்தாள். நடுத்தெருவில் புருஷன் கையைப் பிடிப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. பிடித்த கையை விடாமலே மியூசியம் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

வாசலில் அவர் மறுபடியும் முரண்டு பிடித்தார். "நீ போயிட்டு வா. நான் இந்த மரத்தடியில இருக்கேன்."

"அதெல்லாம் முடியாது. வாங்க."

தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலையில் கட்டி, புருவம் மறையும்படி கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். "வெயிலு" என்றார். அங்கே நல்ல நிழல்.

டிக்கெட் கொடுக்கிற பெண் பாறசாலைக்காரி, தமிழ் பேசுவாள். கவுண்டரில் ஆள் நிழல் தட்டியதும் நிமிர்ந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. அடிக்கடி பார்த்த முகம்தானே என்று பார்வதியம்மாளும் சிரித்தாள்.

அந்தப் பெண்ணின் பார்வை பார்வதியம்மாளைத் தாண்டிப் போனது. கழுத்தை வளைத்து, பின்னால் நின்றவரின் துண்டுக்குக் கீழே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இன்னைக்கு ரெண்டு டிக்கெட்டோ?"