மோரல் சார் வீட்டுத் திருட்டு

"திருடுன வைத்தியத்த என் பிள்ளைக்குப் பண்ண மாட்டேன்!"

முகுந்தன் மலேசியாவுல, கிள்ளான்ல மோரல்ங்கிற நன்னெறிப் பாடம் எடுக்கிற வாத்தியார். வீட்டுலயும் பாடம் உண்டு. பெல்தான் அடிக்காது.

மனைவி ஜனகா தோள்ல ரெண்டு மாசப் பிள்ளை, வயிறு உப்பி வீறிட்டுச்சு. "வெறும் காத்துதான், தானா சரியாயிடும்லா"ன்னு டாக்டர் அனுப்பிட்டார்.

பிரசவத்துக்கு அப்புறம் பார்த்துக்க வந்த லோகேஸ்வரி அக்கா ஒரு எண்ணெய் காச்சுவாங்க. வயித்துல தேச்சா பத்தே நிமிஷம், பிள்ளை தூங்கிடும். பக்குவம் மட்டும் யாருக்கும் சொல்றதில்ல.

நேத்தோட பாட்டில் காலி. அக்கா இந்தியாவுக்கு டூர். போன் போட்டாலும் கிடைக்கல.

"அவங்க காச்சுறப்ப அடுப்படியில பழைய போன ஒளிச்சு வச்சு வீடியோ எடுத்தேன். இன்னும் பாக்கல. ஒரே ஒரு தடவ போட்டுப் பாக்கலாங்க" கெஞ்சினா ஜனகா. "திருட்டுன்னு எண்ணெய்க்குத் தெரியுமா?"

"நமக்குத் தெரியும்ல?"

போனைப் பிடுங்கி அலமாரியில பூட்டிட்டான்.

"பிள்ளை அழுவுதே, அதுக்கு எந்தப் பாடம் வச்சிருக்கீங்க சார்?"

பிள்ளைய வாங்கித் தோள்ல போட்டுக்கிட்டான். ரெண்டு நாளா மாத்தி மாத்திப் பிள்ளையத் தூக்கிக்கிட்டு நடந்தாங்க.

அக்கா வந்துட்டாங்கன்னு தெரிஞ்சதும் மூனு பேரும் காப்பார்ல இருக்கிற அவங்க வீட்டுக்குப் பறந்தாங்க.

"அக்கா, உங்களுக்குத் தெரியாம வீடியோ எடுத்துட்டோம். சத்தியமா பாக்கல. இப்பவே அழிச்சிடுறேன்" போனை நீட்டினான் முகுந்தன்.

அக்கா போனை வாங்கல. பிள்ளைய மடியில போட்டு எண்ணெய் தேச்சாங்க. அழுகை நின்னதும்தான் நிமிர்ந்தாங்க.

"பாக்கவே இல்லியா? ரெண்டு நாளா பச்சப்பிள்ளைய அழ விட்டீங்களா?"

"தப்புன்னு..."

"இத வாயால யாருக்கும் சொல்ல மாட்டேன்னு மாமியாருக்குச் சத்தியம் பண்ணிருக்கேன் தம்பி."

முகுந்தன் தலை குனிஞ்சான்.

"குனிஞ்சது போதும். முதல்ல அதப் போடுங்க."

வீடியோ ஓடுச்சு. ஒரே பச்சை. மைலோ பவுடர் டின் கேமராவ மறைச்சுக்கிட்டு இருந்துச்சு.

ஒரு கை வந்து டின்னை நகர்த்துச்சு. லோகேஸ்வரி அக்கா கேமராவப் பாத்துச் சிரிச்சாங்க. வெத்திலையத் தூக்கிக் காட்டி, மூனு விரல நீட்டினாங்க. அடுத்து ஓமம், ரெண்டு கரண்டி. பூண்டு. வசம்பு. திருப்பித் திருப்பிக் காட்டினாங்க.

கடைசி வரைக்கும் வாயே தொறக்கல.