பொம்மன் பிழைத்த பக்கம்

தாது வருஷப் பஞ்சத்தை நேரில் பார்த்து எழுதிவர அரசாங்கம் கால இயந்திரத்தில் அந்தக் காலத்துக்கே அனுப்பிய பதினொரு பேரில் செங்கமலமும் ஒருத்தி. போன இடத்தில் பொம்மன் என்ற கல் உடைப்பவனைக் கட்டிக்கொண்டாள். இரண்டாம் வருடம் அவனைப் பசிக்குப் பறிகொடுத்துத் திரும்பினாள். அத்தனையையும் நாள்வாரியாக எழுதிக் கொடுத்தாள்.

அச்சாகி வந்த புத்தகத்தை நூலகத்தில் காதல் நாவல் அலமாரியில் கண்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இது சரித்திரம், தம்பி. நான் கண்ணால பார்த்தது,” என்றாள் நூலகர் கிருபாகரனிடம்.

“உள்ள கல்யாணம் வருதேம்மா. புத்தகத்தைத் திருத்தி அச்சடிக்கிற மிஷின் காதல்னு பிரிச்சிடுச்சு. நல்லாத்தான் போகுது.”

“செத்தவங்க கதையா நல்லாப் போகுது?”

“யாரும்மா செத்தாங்க?”

அவள் கடைசிப் பக்கத்தைப் புரட்டினாள். அங்கே பொம்மன் காய்ச்சல் விட்டு எழுந்து, அவள் கையைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“காதல் நாவல்னா முடிவு சுபமா இருக்கணும்மா. மிஷினே சரி பண்ணிடும். உங்களுக்கும் ஆறுதல்தானே?”

“ஆறுதலா? கஞ்சித் தொட்டியில ஒரு குவளை ஊத்தியிருந்தா அவரு பிழைச்சிருப்பாரு. வரிசையை விட்டு விரட்டினாங்கய்யா! சாகவே இல்லைன்னு எழுதிட்டா, விரட்டினவன் மேல குத்தமே இல்லைன்னு ஆயிடாதா?”

அவள் பேனாவை எடுத்து அந்தப் பக்கத்தை அடித்துவிட்டு, ‘அன்று மாலை பொம்மன் பசியால் இறந்தான்’ என்று எழுதினாள்.

“அம்மா! நூலகப் புத்தகத்துல கிறுக்கக் கூடாது!” என்று பதறினான் கிருபாகரன்.

“கிறுக்கினது நான் இல்ல, தம்பி,” என்றபடி செங்கமலம் அடுத்த பிரதியை எடுத்தாள்.