பொத்தான் எந்தப் பக்கம்?

"ஆரன் பொத்தானு ஹேண்டில்பார்ல வாணாம் அண்ணாத்த. பொட்டியில வெச்சுடு."

மெக்கானிக் பக்தவச்சலம் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு எல்லப்பனை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னாய்யா பேசற? ஓட்டறவங்க கைக்கு எட்டறாப்பலதான ஆரன் வெக்கணும்? பொட்டியில குந்திகினு வர்ற ஆளுக்கு எதுக்கு?"

"அம்மாந்தூரம் சும்மாவே குந்திகினு வந்தா பேஜாரா இருக்காதா? ஆரனாச்சும் அடிக்கட்டுமே."

சொல்லும்போதே எல்லப்பனுக்கு வெட்கம் வந்துவிட்டது. காதோரம் சொறிந்துகொண்டான். பக்தவச்சலத்துக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கல்யாணமாகி எட்டு வருஷம் ஆகிறது. இன்னமும் பெண்டாட்டி மேல் இப்படி ஒரு பிரியமா!

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்த ஷெட்டில் மூன்று மாதமாக உருவாகிக்கொண்டிருந்தது வண்டி. ராணுவத்தார் ஏலம் விட்ட பழைய மோட்டார் சைக்கிள். அதன் இடது பக்கம் இரும்புச் சட்டம் அடித்து, ஒரு சக்கரம் மாட்டி, மேலே மரப்பெட்டி பொருத்தியிருந்தார் பக்தவச்சலம். பெட்டியின் பின்பாதி மீன் கூடைகளுக்கு. முன்பாதியில் ஒருவர் உட்கார மெத்தை.

எல்லாம் பூவாயிக்காகத்தான். மாமல்லபுரத்தை ஒட்டிய தேவனேரிக் குப்பத்திலிருந்து செங்கல்பட்டு மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுவருகிறவள். போன ஐப்பசி மழையில், கூடை நாறுகிறது என்று சண்டை போட்டு, திருக்கழுக்குன்றம் தாண்டி நடுவழியில் அவளை இறக்கிவிட்டுப் போய்விட்டது பஸ். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நனைந்தபடியே நடந்தவள் ஒரு வாரம் ஜுரத்தில் கிடந்தாள். கட்டுமரத்தில் போய் சுறாவோடு மல்லுக்கட்டுகிற எல்லப்பன், அவள் தலைமாட்டில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதானாம். ஜுரம் விட்ட மறுநாளே ஷெட்டுக்கு வந்து நின்றான்.

"இனிமே அவ அந்த பஸ்ஸுல ஏறக்கூடாது அண்ணாத்த. ஒரு வண்டி பண்ணிக் குடு."

அன்றிலிருந்து அவன் பண்ணாத நச்சரிப்பு இல்லை. பெட்டியில் மெத்தை இன்னும் தடிமனாக வேண்டும். பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும். அதுவும் இரண்டு பக்கமும் வேண்டும். வண்டி ஒரு வழியாக ஓடத் தொடங்கியதும், "ஒரு ரவுண்டு அடிச்சுப் பாக்கறியா?" என்று பக்தவச்சலம் கேட்டார். "நீ பாத்தா போதும் அண்ணாத்த. உன்னவிட எனக்கு இன்னா தெரியும்?" என்று கும்பிட்டுவிட்டான்.

இன்றைக்கு மிச்சம் இந்த ஹாரன் மட்டும்தான். பழைய கார் ஒன்றிலிருந்து கழற்றியது. சத்தம் ஊரைக் கூட்டும் என்று விற்றவன் சொன்னதை நம்பித்தான் எல்லப்பன் வாங்கி வந்திருந்தான். பக்தவச்சலம் அதைப் பெட்டியின் சட்டத்தில் முடுக்கினார். பேட்டரியிலிருந்து தடித்த ஒயரை இழுத்து, பெட்டிக்குள் பொத்தானைப் பொருத்தி அழுத்தினார்.

தொண்டை கட்டிய தவளை மாதிரி ஒரு முனகல் வந்தது.

எல்லப்பன் முகம் சுருங்கிவிட்டது. "இன்னா அண்ணாத்த, ஏமாத்திட்டானா? மீன் வித்துட்டு பூவாயி இப்ப வந்துடும். வர்ற நேரத்துல ஜோரா ஒரு வாட்டி அடிக்கணும்னு இருந்தேன்."

"இருய்யா, பதறாத."

ஒயரை ஒவ்வொரு முடிச்சாகப் பிடித்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. பேட்டரியும் நேற்று சார்ஜ் ஏற்றியது. ஒரு துண்டு ஒயரை எடுத்து, ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையை ஹாரனின் உடம்பிலும் வைத்து, "இப்ப அமுக்கு" என்றார்.

ஷெட்டின் தகரக் கூரை அதிர்ந்தது.

"புரிஞ்சிட்சு! நாமதான் சட்டத்துக்கு மூணு கோட்டு பெயிண்டு அடிச்சமே, அதான் எர்த்து புடிக்கல. ஆரன் மேல தப்பு இல்ல."

போல்ட்டைக் கழற்றி, அந்த இடத்தில் இரும்பு பளபளக்கும்வரை பெயிண்ட்டைச் சுரண்டினார். மறுபடி முடுக்கிவிட்டுக் கண்ணைக் காட்டினார். எல்லப்பன் அழுத்தினான். பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"யம்மாடி! இன்னா மச்சான், கப்பல் வந்துகினு கீதோன்னு பாத்தேன்!"

வாசலில், காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பூவாயி நின்றிருந்தாள். வண்டியை அவள் இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறாள். கூடையை இறக்கிவிட்டு மெதுவாக ஒரு சுற்று வந்தாள். டேங்கைத் தடவிப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"நல்லா கீதா?" என்றான் எல்லப்பன், பரீட்சை எழுதியவன் மாதிரி.

அவள் தலையை ஆட்டினாள்.

"பொட்டியிலதான் ஆரன் வெக்கணும்னு ஒரே அடம்மா உன் வூட்டுக்காரன்" என்றார் பக்தவச்சலம். "எத்தினி வண்டி பண்ணிருக்கேன், இப்டி ஒரு பிரியத்தை நான் பாத்ததில்ல. குடுத்து வெச்சவம்மா நீ."

பூவாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாவம், கூச்சப்படுகிறாள் என்று அவர் பேச்சை மாற்றினார்.

"சரி, பொழுதோட வூடு போய்ச் சேருங்க. ரெண்டு பேரும் ஏறுங்க."

எல்லப்பன் காலிக் கூடையைப் பெட்டியின் பின்பாதியில் வைத்தான். பிறகு தானும் உள்ளே ஏறி, மெத்தையில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு கையால் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலைப் பொத்தான் மேல் வைத்தான்.

"உங்க அண்ணன் அவரு வண்டியில கத்துக் குடுத்தாப்பல மெதுவாவே ஓட்டு பூவாயி. எனக்கு சைக்கிளே வராது, உனக்குத் தெரியுமில்ல?"

முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிமேல் ஏறிய பூவாயி, ஒரே உதையில் அதைக் கிளப்பினாள்.