கைக்குள் கிடந்த துண்டு

“இதிலதான் டொக்டர். அமத்திப் பாருங்கோ, செல் துண்டு நெருடும்.”

நிருஷா இடது கைச் சட்டையை மேலே சுருட்டிக்கொண்டு கையை நீட்டினாள். பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த வைத்திய முகாமில் அவளுக்கு முப்பத்தோராவது நம்பர். அவளுக்கு முன்னால் போனவர்களில் பாதிப் பேர், சண்டையின் கடைசி மாதங்களில் உடம்புக்குள் ஏறிய இரும்பை இன்னும் சுமந்துகொண்டு திரிகிறவர்கள்தான்.

டொக்டர் நசீறா சின்ன வயதுக்காரி. நிருஷாவின் மேல் கையை அமத்திப் பார்த்தாள். கை முழுக்கப் பழைய காயத் தழும்புகள். அவற்றின் நடுவே தோலுக்கடியில் மெல்லியதாக ஏதோ விரலில் தட்டுப்பட்டது.

“நோகுதோ அக்கா?”

“இல்லை.”

“அப்ப கிடந்திட்டுப் போகட்டுமே. நோகாத துண்டை நாங்கள் தோண்டுறேல்லை.”

“ஐயோ, அப்பிடிச் சொல்லாதேங்கோ! இதை எடுக்கத்தான் கட்டுக்கரையில இருந்து விடிய வெள்ளன வெளிக்கிட்டு வந்தனான்.” நிருஷா பக்கத்தில் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “உடம்பில இரும்பு கிடந்தாப் பிள்ளை தங்காதாம். மாமி சொல்லுறா.”

டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உங்கட மாமி எந்தக் கம்பஸில படிச்சவ? இரும்புக்கும் கருப்பைக்கும் என்ன சம்மந்தம்? உடம்பு முழுக்கத் துண்டோட மூண்டு பெத்த ஆக்களையும் பாத்திருக்கிறன்.”

நிருஷா சிரிக்கவில்லை. சிரிக்கிற நிலைமையிலா இருந்தாள், பாவம்!

ஒரு பிள்ளை இருந்தவள்தான். யதுர்சிகா என்று பெயர். கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு முள்ளிவாய்க்கால் வரை ஓடி, செல்லடிக்கும் பசிக்கும் தப்பவைத்து, அகதி முகாமிலும் வளர்த்து ஊருக்குக் கொண்டுவந்து சேர்த்த பிள்ளை. எல்லாம் முடிந்து, சொந்தக் காணியில் கொட்டில் போட்டு, வயலும் விதைத்த பிறகு, ஐந்தாவது வயதில் மூன்றே நாள் காய்ச்சலில் போய்விட்டது. இதை எந்தக் கடவுளிடம் போய்க் கேட்பது?

அதற்குப் பிறகு இரண்டு வருசமாக அவள் கும்பிடாத கோயில் இல்லை, இருக்காத விரதம் இல்லை. சில மாதம் நாள் தள்ளிப்போகும். ஒருமுறை ஐம்பது நாள் தள்ளிப்போனது என்று புருசன் சுபாஸ்கரன் மன்னார்ச் சந்தைக்குப் போய் ஒரு பை மாங்காய் வாங்கிக்கொண்டு வந்தான். மறுநாள் தலைக்கு வார்த்துக்கொண்டு கிணற்றடியிலேயே இருந்து அழுதாள் அவள்.

மாமி சிவலட்சுமி இப்போது வாய்விட்டே சொல்லிவிட்டாள். “ரெண்டு பெடியளைச் சண்டையில பறிகுடுத்தவள் நான். மிஞ்சினது இவன் ஒருத்தன். தை மாசத்துக்குள்ள ஒண்டும் தங்கேல்லையெண்டால் இவனுக்கு வேற இடம் பாப்பன்.”

சுபாஸ்கரன் மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் நிருஷாவின் நெஞ்சைப் பிளந்தது. இப்போதும் வெளியே வேப்பமரத்தடியில், மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான்.

நிருஷாவின் கண் கலங்கியதைக் கண்டு டொக்டருக்கு மனம் இளகிவிட்டது. “சரி சரி, அழாதேங்கோ. எடுத்து விடுறன். உங்கட மாமிக்கும் ஆறுதலாப் போகட்டும்.”

வாங்கில் படுக்கவைத்து, ஊசி போட்டுக் கையை மரத்துப்போகப் பண்ணினாள். பயத்தில் நிருஷாவுக்கு வாய் ஓயவில்லை.

“முந்தி இது இப்பிடி நெருடுறேல்லை டொக்டர். ஆழத்தில கிடந்திருக்கும் போல. மகள் இருக்கேக்க, பிள்ளையளை நிறுக்கிற கிளினிக்கில தாய்மாருக்கும் சத்தூசி எண்டு வரிசையில நிப்பாட்டிப் போட்டவை. அதில கை ஒரு கிழமை வீங்கிப்போய்க் கிடந்தது. அதுக்குப் பிறகுதான் துண்டு மேல வந்தது.”

“ம்... ம்... கையை ஆட்டாதேங்கோ.” வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. டொக்டருக்குப் பாதிதான் காதில் விழுந்திருக்கும்.

நிருஷா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். ‘என்ர பிள்ளையார் அப்பா, இந்த இரும்போட என்ர தலைவிதியும் போகட்டும். போன பிள்ளையையே திருப்பித் தா.’

காலையிலிருந்து வரிசையில் நின்றவளுக்கு ஒன்று தெரியும். துண்டை எடுத்ததும் டொக்டர் தட்டில் போடுவாள், ணங்கென்று கேட்கும். அந்தச் சத்தத்துக்காகக் காத்துக் கிடந்தாள். சத்தம் வரவில்லை.

டொக்டரின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. இடுக்கி நுனியில் இருந்தது இரும்பில்லை. நெருப்புக்குச்சி அளவில், வெள்ளையாக, றப்பர் மாதிரி வளைந்தது. வெட்டிய இடத்தில் அதேபோல இன்னொன்றும் தெரிந்தது.

“எடுத்தாச்சோ டொக்டர்?” நிருஷா கண்ணைத் திறந்தாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் ஒரு சிரிப்பு. “அவரையும் ஒருக்காக் கூப்பிடுங்கோ, பாக்கட்டும். இனி எங்களுக்குப் பிள்ளை தங்குந்தானே?”

நசீறா குச்சியை மெல்லத் தட்டில் வைத்தாள். கதிரையை இழுத்துப் போட்டு நிருஷாவுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

“அக்கா, இது அஞ்சு வருசத்துக்குப் பிள்ளை தங்காமலிருக்க வைக்கிற குச்சி. உங்களைக் கேட்டுத்தானே வைச்சவை?”