ஒரு நாள் ஒப்பந்தம்

டிவியில் ஃபுட்பால் வீரன் பாஸ்கம் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். அமெரிக்க ஃபுட்பாலில் ஓய்வு பெறும் வீரன் பழைய அணியோடு ஒரு நாள் ஒப்பந்தம் போட்டு, அந்த அணிக்காரனாகவே விடைபெறுவது வழக்கம்.

“வெக்கம் கெட்டவன்,” என்றான் வெண்டல், சிக்கன் விங்ஸைக் கடித்தபடி. “நம்ம கிளீவ்லேண்ட் டீமை விட்டுட்டு பிட்ஸ்பர்க்குக்கு ஓடினவன்தானே?”

“அதுக்கு முன்னாடி நமக்காக எவ்வளவு டச்டவுன் போட்டு ஜெயிக்க வெச்சான்,” என்றாள் லொரெய்ன்.

“போட்டு என்ன? முழங்கால் தேஞ்சு அங்க துரத்தி விட்டதும் நம்ம ஞாபகம் வந்துடுச்சாக்கும்.”

“பாவம், திருந்தி வந்திருக்கலாம் இல்ல?”

“போக்கிடம் இல்லாம வந்திருக்கான். நானா இருந்தா வாசலோட திருப்பி அனுப்பிடுவேன்.”

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

லொரெய்ன் எழுந்துபோய், அன்று காலை வெண்டல் கொண்டுவந்த பெட்டியை எடுத்து வாசலில் வைத்தாள். ஒன்பது வருஷத்துக்கு முன் அவளை விட்டுவிட்டு ஒரு பிட்ஸ்பர்க்காரியோடு போனபோது அவன் தூக்கிக்கொண்டு போன அதே பெட்டி.

வெண்டல் விங்ஸைக் கீழே வைத்தான்.

“லொரெய்ன், ஒரு நாள் ஒப்பந்தமாவது...”

“அவன் டச்டவுனாவது போட்டான்,” என்று கதவைத் திறந்துவிட்டாள் லொரெய்ன்.